கனேடியப் பாடல் ஏழு வீதம்: கனடாவின் வணிக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவில் வணிக வானொலி ஒன்றில் நேரம் வாங்கித் தமிழ் நிகழ்ச்சி தொடங்குகிறவர்கள் விளம்பரதாரர், அறிவிப்பாளர், பாடல் சேகரிப்பு எல்லாவற்றையும் முதல் நாளே தயாராக வைத்திருப்பார்கள். ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது ஏழு வீதம் கனேடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் நிலைய நிர்வாகத்திடமிருந்து கண்டிப்பான மின்னஞ்சல் வந்த பிறகே நினைவுக்கு வரும். உடனே உள்ளூர்ப் பாடகர்களுக்கு அவசர அழைப்புகள் பறக்கும். கைக்குக் கிடைத்த பாடல்களெல்லாம் ‘கனேடியம்’ என்று குறிக்கப்படும். அவற்றில் பல, விதியோடு ஒப்பிட்டால் தேறாது.

ஏழு வீதத்தை எட்டுவது பெரிய காரியம் இல்லை. எந்தப் பாடல் கனேடியப் பாடல் என்பதை, அது நூலகத்துக்குள் நுழையும் முன்பே சான்றோடு முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. அதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிய கணக்கு. படிகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்த விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள்

கனடாவில் வானொலியை ஒழுங்குபடுத்துவது கனேடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம். எல்லோரும் சி.ஆர்.டி.சி. என்பார்கள், இங்கே ஆணையம் என்றே எழுதுகிறேன். பாடல்கள் பற்றிய விதி 1986ஆம் ஆண்டின் வானொலி ஒழுங்குவிதிகளில் 2.2ஆம் பிரிவில் இருக்கிறது. நீளமான பிரிவுதான், ஆனாலும் ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள். மற்றவர் சொல்லக் கேட்டு நிகழ்ச்சி நடத்துபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பொதுவான வணிக வானொலிக்கு விதி 35 வீதம். ஒரு வாரத்தில் ஒலிபரப்பும் வெகுசன இசைப் பாடல்களில் குறைந்தது 35 வீதம் கனேடியப் பாடல்களாக இருக்க வேண்டும். அதே 35 வீதம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்திலும் தனியாக எட்டப்பட வேண்டும். கேட்பவர்கள் அதிகமுள்ள பகல் நேரத்தை வெளிநாட்டுப் பாடல்களுக்குக் கொடுத்துவிட்டு, கனேடியப் பாடல்களை இரவுக்கும் வார இறுதிக்கும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இந்த இரண்டாவது பூட்டு.

பல்லின நிகழ்ச்சி நேரங்களுக்கு அளவு 7 வீதம். தமிழ், பஞ்சாபி, போர்த்துக்கீசியம் போன்ற சமூகங்களுக்கான நிகழ்ச்சிகள் இதில் வரும். இந்த மொழிகளில் கனடாவில் உருவாகும் பாடல்கள் குறைவு என்பதை விதி ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை: அந்தப் பாடல்கள் ஒவ்வொரு நிகழ்ச்சி நேரத்திலும் நியாயமான முறையில் பரவியிருக்க வேண்டும்.

பல்லின நிகழ்ச்சி என்பதை அது யாருக்காக நடத்தப்படுகிறது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். அறிவிப்பாளர் பேசும் மொழியை வைத்து அல்ல. தமிழ் இளைஞர்களுக்காக ஆங்கிலத்தில் நடத்தும் நிகழ்ச்சியும் பல்லின நிகழ்ச்சிதான். அதே நிலையம் பொது நேயர்களுக்காக நடத்தும் ஆங்கில மணிநேரத்துக்கு 7 வீதச் சலுகை கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிலையத்தின் உரிம நிபந்தனை நிற்கிறது. உரிமம் கேட்டு விண்ணப்பித்தபோது நிலையம் கூடுதல் வீதம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் உங்களுக்கும் அதுவே இலக்கு. உரிமத் தீர்மானங்கள் எல்லாம் ஆணையத்தின் இணையத்தளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. நிலையத்தின் அழைப்புக் குறியை, அதாவது அதன் அடையாள எழுத்துகளை, இட்டுத் தேடி, கடைசியாகப் புதுப்பித்த தீர்மானத்தின் பின்னிணைப்பை வாசியுங்கள். நேர ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. கையெழுத்திட்ட பிறகு இலக்கைப் பற்றிப் பேச உங்களுக்கு இடமிருக்காது.

2. வாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஒலிபரப்பு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. ஒலிபரப்பு நாள் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை. நாளுக்கு 18 மணி, வாரத்துக்கு 126 மணி.

நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் எத்தனை கனேடியப் பாடல் போட்டாலும் கணக்கில் சேராது. இரவு முழுவதும் தானியங்கியில் பாட்டு ஓடும் நிலையங்களில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. உள்ளூர்ப் பாடகரின் இறுவட்டை அதிகாலை 2 மணிக்கு முழுதாக ஓடவிட்டு, வாரக் கணக்கு முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். அதற்கு அந்தப் பாடகரின் குடும்பம் நன்றி சொல்லலாம். ஆணையம் கணக்கில் எடுக்காது.

தமிழ்ப் பழக்கத்தில் வாரத்தைத் திங்களில் தொடங்கி எண்ணுகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஞாயிறு நிகழ்ச்சி அடுத்த வாரத்தின் முதல் நிகழ்ச்சி. போன வாரத்தின் குறையை அதைக் கொண்டு நிரப்ப முடியாது.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உரிமத் தீர்மானத்தின் பிரதி ஒன்று. 2.2ஆம் பிரிவின் நடப்பு வாசகம். பாடல் நூலகத்துக்கு ஒரு விரிதாள். கலைஞர்கள் கையொப்பமிட ஒரு பக்கப் படிவம். பாடல் முடிவுகளுக்குப் பொறுப்பான ஒருவர்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு அறிவிப்பாளர்களும் ஆறு விதமாகக் குறித்தால் ஒரே பாடல் திங்களன்று கனேடியமாகவும் வியாழனன்று அயல்நாட்டதாகவும் பட்டியலில் நிற்கும். பட்டியலைச் சரிபார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது இந்த முரண்பாடுதான். அதன் பிறகு மற்றக் குறிப்புகளையும் அவர் நம்ப மாட்டார்.

நடப்பு வாசகம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் ஆணையம் வணிக வானொலிக் கொள்கையை மறுபரிசீலனை செய்து, கனேடியப் பாடலின் வரையறையை மாற்றப் போவதாகவும் அறிவித்தது. ஆணையம் அறிவிப்பதும் ஒழுங்குவிதி திருத்தப்பட்டு அமலுக்கு வருவதும் வேறு வேறு நாள்களில் நடப்பவை. செய்தியில் படித்ததை வைத்து நூலகத்தை மாற்றி எழுத வேண்டாம். கனடா நீதி அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள ஒருங்கிணைந்த வாசகத்தை அச்சிட்டு, தேதி குறித்துக் கோப்பில் வையுங்கள். கீழே நான் விளக்குவது நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் நான்கு அளவுகோல் முறை. வாசகம் திருத்தப்பட்டாலும் நீங்கள் சேகரிக்க வேண்டிய தகவல்கள் ஏறக்குறைய இவையே.

4. எது ‘பாடல்’ என்று பிரித்தெடுங்கள்

வீதம் கணக்கிடும் முன் எதை எண்ணுவது என்று தெரிய வேண்டும். ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இடையீடின்றி ஒலிபரப்பாகும் இசையே எண்ணிக்கைக்கு உரிய பாடல். நிகழ்ச்சியின் முகப்பு இசை, நேர அறிவிப்பு இசை, அறிவிப்பாளர் பேச்சுக்குப் பின்னால் ஓடும் மெல்லிசை, விளம்பரப் பாட்டு ஆகியவை இதில் சேரா.

முகப்பு இசையை உள்ளூர் இசையமைப்பாளர் ஒருவரிடம் செய்து வாங்கி, நாளுக்கு நான்கு முறை ஒலிக்கவிட்டு, நான்கு கனேடியப் பாடல் என்று எழுதுவதைக் கண்டிருக்கிறேன். நல்ல யோசனைதான், ஆனால் செல்லாது.

அடுத்து வகைக் குறி. ஆணையம் ஒலிபரப்பை எண்களால் பிரிக்கிறது: 1 பேச்சு, 2 வெகுசன இசை, 3 சிறப்பு ஆர்வ இசை, 4 முகப்பு இசை போன்றவை, 5 விளம்பரம். தமிழ்த் திரைப்பாடல் வெகுசன இசைதானே என்று எல்லோரும் 2இல் போடுவார்கள். ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழிகளில் பாடப்படும் பிற நாடுகளின் வெகுசன, நாட்டுப்புற, செவ்வியல் இசைக்கு 33 என்ற உட்பிரிவு உண்டு. திரைப்பாடலுக்கும் தெம்மாங்குக்கும் உரிய இடம் அது. ஆங்கில ராப் பாடும் தமிழ் இளைஞரின் பாட்டு 2இல் வரும்.

வகை தவறினால் உங்கள் 7 வீதம் பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனால் நிலையத்தின் மொத்த அறிக்கையில் 2ஆம் வகைக் கணக்கு குழம்பும். நிர்வாகம் உங்களைத் தேடி வருவது அதற்காகத்தான்.

5. நான்கு கேள்விகளைக் கேளுங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடு முதுகெலும்பு. நேரம் எடுத்துப் படியுங்கள்.

ஒரு பாடல் கனேடியமா என்பதைத் தீர்மானிக்க நான்கு அளவுகோல்கள் உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மேப்பிள்’ (MAPL) முறை என்பார்கள்.

இசை: மெட்டு முழுவதையும் கனேடியர் ஒருவர் அமைத்திருக்க வேண்டும்.

கலைஞர்: பாடலையோ இசையையோ முதன்மையாக நிகழ்த்துபவர் கனேடியராக இருக்க வேண்டும்.

நிகழ்த்தல்: நிகழ்த்தல் முழுவதும் கனடாவில் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது முழுவதும் கனடாவில் நிகழ்த்தப்பட்டு கனடாவில் நேரடியாக ஒலிபரப்பாக வேண்டும்.

வரிகள்: பாடல் வரிகள் முழுவதையும் கனேடியர் எழுதியிருக்க வேண்டும்.

நான்கில் ஏதேனும் இரண்டு நிறைவேறினால் பாடல் கனேடியம். ‘முழுவதும்’, ‘முதன்மையாக’ என்ற சொற்களில்தான் தமிழ்ப் பாடல்கள் சறுக்குகின்றன. நம் சமூகத்தில் பாடல் உருவாகும் விதத்தை வைத்தே பார்ப்போம்.

ஸ்காபரோவில் வளர்ந்த பாடகி. மெட்டமைத்தவர் சென்னையில், வரிகள் எழுதியவர் யாழ்ப்பாணத்தில். வாத்திய இசை சென்னையில் தயாராகிக் கோப்பாக வந்தது. குரல் மட்டும் ரொறன்ரோ கலையகத்தில் பதிவானது. கலைஞர் அளவுகோல் நிறைவேறியது. நிகழ்த்தல் முழுவதும் கனடாவில் பதிவாகவில்லை. ஆக ஒன்று மட்டும், பாடல் தேறாது. உள்ளூரில் வெளியாகும் பாடல்களில் நான் அதிகம் சந்திப்பது இந்த வகையைத்தான். விழா வைத்து, மண்டபம் நிறைந்து, சமூகமே கொண்டாடிய பாடலாக இருந்தாலும் விதியின் கண்ணில் அது அயல்நாட்டுப் பாடல்.

அதே பாடலுக்கு மார்க்கம் நகரில் வாழும் கவிஞர் ஒருவர் வரிகள் எழுதியிருந்தால்? கலைஞர், வரிகள் என இரண்டு. தேறிவிட்டது.

ரொறன்ரோ இசையமைப்பாளர் மெட்டமைக்க, ரொறன்ரோ கவிஞர் எழுத, சென்னைப் பின்னணிப் பாடகர் சென்னையிலேயே பாடிக் கொடுத்த பாடல்? இசை, வரிகள் என இரண்டு நிறைவேறுகின்றன. இதுவும் கனேடியப் பாடல்தான். புகழ்பெற்ற குரல் என்பதாலேயே இதை அயல்நாட்டுப் பட்டியலில் தள்ளிவிடுகிறார்கள். கையில் இருக்கும் கனேடியப் பாடலை வீணாக்காதீர்கள்.

உள்ளூர்ப் பாடகர் பழைய திரைப்பாடலை மீண்டும் பாடியிருக்கிறார். மெட்டும் வரிகளும் கனேடியம் அல்ல. வாத்தியக் குழுவோடு மிசிசாகா கலையகத்தில் முழுவதும் பதிவு செய்திருந்தால் கலைஞரும் நிகழ்த்தலும் சேர்ந்து இரண்டு. தேறும். இந்தியாவில் தயாரான கரோக்கே இசைக்கு மேல் குரலை மட்டும் பதிந்திருந்தால் ஒன்றுதான். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாடகரிடம் வெளிப்படையாகக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. கேட்கத் தயங்க வேண்டாம். இசைப் பின்னணி எங்கே தயாரானது என்பது அவமானப்படுத்தும் கேள்வி அல்ல.

மார்கழி முடிந்து இங்கே கச்சேரிக்கு வரும் வித்துவான். ரொறன்ரோ மண்டபத்தில் பாடியதை நீங்களே பதிவு செய்தீர்கள். நிகழ்த்தல் மட்டும் நிறைவேறும். தியாகராசரின் கீர்த்தனைக்கு இசையும் வரிகளும் கனேடியமாக இருக்க வழியில்லை. ஒன்று போதாது. அதே மேடையில் இங்கே குடியிருக்கும் மாணவி பாடிய கீர்த்தனை கலைஞர், நிகழ்த்தல் என்ற இரண்டோடு தேறும். அரங்கேற்றப் பதிவுகள் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தீராத சுரங்கம். ஏனோ பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

இரட்டைக் குரல் பாட்டில் சென்னைப் பாடகரும் ரொறன்ரோப் பாடகியும் சமமாகப் பாடியிருந்தால் ‘முதன்மையாக’ யார் என்பது வாதத்துக்கு உரியது. வாதத்துக்கு உரியதை எண்ண வேண்டாம் என்பது என் வழக்கம். வேறு இரண்டு அளவுகோல் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையெனில் விட்டுவிடுங்கள்.

வாத்திய இசைக்கு ஒரு சலுகை உண்டு. வாத்தியங்களுக்காகவே கனேடியர் ஒருவர் உருவாக்கிய இசைப்படைப்பு, அந்த ஒரு காரணத்தாலேயே கனேடியம் ஆகிவிடும். உள்ளூர் வீணைக் கலைஞரோ வயலின் கலைஞரோ சொந்தமாக அமைத்த இசை இருந்தால் தேடிப் பிடியுங்கள்.

கூட்டாகப் படைத்தவற்றுக்கும் வழியிருக்கிறது. 1991 செப்டம்பர் 1க்குப் பிறகு பதிவான பாடலில் கனேடியரும் கனேடியர் அல்லாதவரும் சேர்ந்து மெட்டமைத்து எழுதியிருந்தால், இசையிலும் வரியிலும் குறைந்தது பாதிப் பங்கு கனேடியருடையது என்று அங்கீகரிக்கப்பட்ட இசை உரிமைச் சங்கத்தின் பதிவேடு காட்ட வேண்டும். அத்துடன் கலைஞர் அல்லது நிகழ்த்தல் அளவுகோலும் நிறைவேற வேண்டும். கனடாவில் அந்தச் சங்கம் சோகான். ‘நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம்’ என்ற வாய்மொழி இங்கே எடுபடாது.

6. யார் கனேடியர்?

குடியுரிமை உள்ளவர், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் என்ற இருவரையும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது ஒருவரை மறந்துவிடுகிறார்கள். அந்தப் படைப்புக்குப் பங்களிப்பதற்கு முந்தைய ஆறு மாதமும் கனடாவையே வழக்கமான வதிவிடமாகக் கொண்டிருந்தவரும் இந்த விதிக்குக் கனேடியரே. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருக்கும் கவிஞர், படிக்க வந்து ஓராண்டாகத் தங்கியிருக்கும் மாணவர், வேலை அனுமதியில் இருக்கும் தவில் கலைஞர் என்று நம்மிடையே இவர்கள் ஏராளம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூன்று மாதச் சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே எத்தனை பாட்டுப் பாடினாலும் கனேடியர் ஆகமாட்டார்.

கவனிக்க வேண்டிய நாள், பங்களித்த நாள். இன்று குடியுரிமை பெற்றவர் இங்கே வருவதற்கு முன் கொழும்பில் எழுதிய வரிகளைக் கனேடியமாக எண்ணுவதற்கு முன் நிலையத்தின் இணக்கப் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

7. சான்று வாங்கிய பிறகே நூலகத்தில் ஏற்றுங்கள்

ஆணையம் பாட்டுக்குப் பாட்டு சான்றிதழ் கொடுப்பதில்லை. ‘இது கனேடியம்’ என்று சொல்லும் பொறுப்பு உரிமதாரருடையது. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகவே உங்கள் நிலையம் உங்களிடம் சான்று கேட்பது நியாயம்.

இறுவட்டு உறைகளில் நான்காகப் பிரிந்த வட்டம் ஒன்றைக் காணலாம். ஒவ்வொரு கால்பகுதியிலும் மேப்பிள் முறையின் ஓர் எழுத்து. நிறைவேறிய அளவுகோலின் பகுதி கறுப்பாக இருக்கும். நல்ல தொடக்கக் குறிப்புதான். ஆனால் அதை அச்சிடுபவர் வெளியீட்டாளரே என்பதால் அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். ஒலிப்பதிவின் அடையாள எண்ணில் கனடாவின் நாட்டுக் குறி இருப்பதையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் குறி எண்ணைப் பதிந்தவரைப் பற்றியது. மெட்டமைத்தவர் எந்த நாட்டவர் என்பதை அது சொல்லாது.

உங்கள் ஒருபக்கப் படிவத்தில் பாடலின் தலைப்பு, பாடியவர், மெட்டமைத்தவர், எழுதியவர், ஒவ்வொருவரும் எந்த வகையில் கனேடியர், குரல் பதிவான கலையகமும் ஊரும், வாத்திய இசை பதிவான இடம், பதிவான தேதி, சோகானில் பங்கு பிரிந்த விதம் ஆகியவை இருந்தால் போதும். அடியில் கையொப்பம். வாத்திய இசைக்குத் தனி வரி கட்டாயம். ‘எங்கே பதிவு செய்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் குரல் பதிவான இடத்தையே எழுதுவார்கள்.

கடவுச்சீட்டுப் பிரதி கேட்காதீர்கள். கையொப்பமிட்ட உறுதிமொழி இந்த வேலைக்குப் போதுமானது. பிறருடைய அடையாள ஆவணங்களைச் சேர்த்து வைத்தால் அவற்றைப் பாதுகாக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும்.

படிவம் வரும்வரை பாடல் ‘நிலுவை’ என்ற நிரலில் இருக்கட்டும். ஒலிபரப்பலாம், கனேடியமாக எண்ணக் கூடாது. முதலில் எண்ணிவிட்டுப் பிறகு படிவம் வாங்கலாம் என்று வைத்த பாடல்களுக்குப் படிவம் வருவதே இல்லை.

பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தால் கணினி மூன்று பேராகவே எடுத்துக்கொள்ளும்.

8. கணக்கு: பதினான்குக்கு ஒன்று

வீதம் பாடல்களின் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது, நிமிடங்களை வைத்து அல்ல. பதினெட்டு நிமிட ராக ஆலாபனையும் ஒரு பாடல். மூன்று நிமிடக் குத்துப் பாட்டும் ஒரு பாடல். நீண்ட பாடல் ஒன்றைப் போட்டால் ஈடாகிவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. பதினான்கு பாடலில் ஒன்று கனேடியம் என்றால் 7.14 வீதம், நிறைவேறியது. பதினைந்தில் ஒன்று 6.67, நிறைவேறவில்லை. இருபத்தெட்டு வரை இரண்டு போதும், இருபத்தொன்பதுக்கு மூன்று வேண்டும்.

திங்கள் முதல் சனி வரை நாளுக்கு 18 பாடல் போடும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 108 பாடல். ஏழு வீதம் 7.56, எனவே எட்டு. ‘நாளுக்கு ஒன்று போதும்’ என்று ஆறு போடுபவர் 5.6 வீதத்தில் நிற்பார். நாளுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு, 11.1 வீதம். நான் எப்போதும் இரண்டையே பரிந்துரைப்பேன். ஏழில் நிற்கத் திட்டமிட்டால் ஏழுக்குக் கீழேதான் வந்து சேருவீர்கள்.

ஏனென்றால் நேரலையில் பாடல்கள் வெட்டுப்படும். அமைச்சரின் நேர்காணல் நீளும், மரண அறிவித்தல் வரும். அறிவிப்பாளர் எதை முதலில் கைவிடுவார்? நேயர் விருப்பத்தில் இல்லாத, தெரியாத பெயருள்ள பாடலைத்தான். அது பெரும்பாலும் உங்கள் கனேடியப் பாடலாக இருக்கும். மாறாக, அறிவிப்பாளர் வராத நாளில் தானியங்கி இருபத்தாறு பாடல்களை அடுக்கி மொத்த எண்ணிக்கையை உயர்த்திவிடும். அந்த மாற்றுப் பட்டியலிலும் கனேடியப் பாடல்களை முன்கூட்டியே வைத்திருங்கள்.

9. நிரலில் எங்கே வைப்பது

நியாயமான பரவல் என்பது விதியிலேயே இருப்பதால், நாளுக்குரிய இரண்டு கனேடியப் பாடல்களையும் கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்தடுத்துப் போட்டு முடிப்பது ஆபத்து. முதல் மணியில் ஒன்று, இரண்டாம் மணியில் ஒன்று என்று வையுங்கள். செய்தி முடிந்த உடனே வரும் இடம் நல்லது. அந்த இடத்தில் பாடல் அரிதாகவே வெட்டுப்படும்.

தொடங்கிய பாடலை முடியும்வரை ஓடவிடுங்கள். 35 வீத விதி, கனேடியப் பாடல் முழுமையாக ஒலிபரப்பாக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பல்லின நேரத்திலும் அதையே பின்பற்றினால் கேள்விக்கு இடமிருக்காது. பல்லவியோடு நிறுத்திய பாடலைப் பட்டியலில் கனேடியம் என்று குறிக்க வேண்டாம்.

ஒரே நான்கு பாடல்களை ஆண்டு முழுவதும் சுழற்றுவதைத் தடுக்கும் விதி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நேயர்கள் தடுப்பார்கள். சுழற்சிக்குக் குறைந்தது முப்பது பாடல்களாவது சேரும்வரை தேடலை நிறுத்தாதீர்கள்.

10. உள்ளூர் நிகழ்ச்சி விதி வேறு

கனேடியப் பாடல் விதியையும் உள்ளூர் நிகழ்ச்சி விதியையும் ஒன்றென நினைப்பது பரவலான குழப்பம். போட்டி உள்ள சந்தைகளில் இயங்கும் வணிகப் பண்பலை நிலையங்கள், உள்ளூர் விளம்பரம் தேட வேண்டுமானால் ஒலிபரப்பு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 42 மணிநேரத்தை, உள்ளூர் நிகழ்ச்சிக்கு ஒதுக்க வேண்டும்.

உள்ளூர் நிகழ்ச்சி என்பது அந்த நிலையத்தில் உருவானது அல்லது அந்த நிலையத்துக்கென்றே தனியாகத் தயாரிக்கப்பட்டது. சென்னையிலோ இலண்டனிலோ உள்ள நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்தால் அந்த நேரம் உள்ளூர்க் கணக்கில் சேராது. ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ நீளும் வெளித் தயாரிப்புகளுக்கு இது பொருந்தும். உங்கள் தமிழ் நேரத்தை நிலையம் தன் 42 மணிக்குள் எண்ணியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணியிருந்தால், ஊரிலிருந்து வரும் அரை மணிநேரச் செய்தித் தொகுப்பை அறிவிக்காமல் சேர்ப்பது நிலையத்தின் கணக்கைக் கெடுக்கும்.

உள்ளூர் நேரத்தில் அந்த ஊர் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் பேச்சும் இருக்க வேண்டும்: ஊர்ச் செய்தி, வானிலை, விளையாட்டு, நிகழ்வு அறிவிப்பு. பெரும்பாலான தமிழ் நிகழ்ச்சிகள் இதைக் கேட்காமலேயே செய்கின்றன. மரண அறிவித்தலும் ஊர்ச் சங்க ஒன்றுகூடலும் இல்லாத தமிழ் வானொலி எங்கே இருக்கிறது?

11. பதிவேடும் ஒலிப்பதிவும்

நிலையம் நிகழ்ச்சிப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஒலிபரப்பின் முழு ஒலிப்பதிவை நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். முறைப்பாடு வந்து ஆணையம் அறிவித்தால் அது எட்டு வாரமாகும். இவை நிலையத்தின் கடமைகள் என்றாலும் பாடல் விவரம் உங்களிடமிருந்தே போகிறது.

திட்டமிட்ட நிரலைப் பதிவேடாக அனுப்பாதீர்கள். ஒலிபரப்பானதையே அனுப்புங்கள். நேரலை முடிந்த கையோடு, அறிவிப்பாளர் கலையகத்தை விட்டுக் கிளம்பும் முன், வெட்டியதைக் கோடிட்டு, சேர்த்ததை எழுதிக் கையொப்பமிடட்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதும் பட்டியல் ஒலிப்பதிவோடு பொருந்தாது. ஆணையம் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை, சனி இரவு, மொத்தப் பாடல், கனேடியப் பாடல், வீதம் என்ற மூன்று எண்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையிலும் ஒரு முறை பாருங்கள். குறை தெரிந்தால் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும்.

12. ஆணையத்தின் கடிதம் வந்தால்

ஆணையம் கடந்துபோன ஒரு வாரத்தைக் குறிப்பிட்டு, அந்த வாரத்தின் ஒலிப்பதிவு, பதிவேடு, பாடல் பட்டியல் மூன்றையும் கேட்கும். வாரம் முடிந்த பிறகே கேட்பதால் அதில் எதையும் திருத்த முடியாது. பட்டியல் ஒலிபரப்பான வரிசையில் இருக்க வேண்டும். தலைப்பும் பாடியவரும் குறிக்கப்பட வேண்டும். கனேடியப் பாடல், வாத்திய இசை, மொழி ஆகியவற்றுக்கு அடையாளக் குறிகள் வேண்டும். விரிதாளில் முதல் நாளிலிருந்தே இந்த நிரல்கள் இருந்தால் வேலை ஒரு மணியில் முடியும்.

குறை கண்டால் அது உரிமம் புதுப்பிக்கும் வேளையில் வந்து நிற்கும். காரணம் கேட்பார்கள். உரிமம் குறுகிய காலத்துக்கே புதுப்பிக்கப்படலாம். கூடுதல் நிபந்தனைகள் வரலாம். விதி மீறியதை வானலையில் அறிவிக்கச் சொல்லலாம். மீண்டும் மீண்டும் மீறினால் உரிமமே போகும். இவை நிலையத்தின் மேல் விழுபவை. உங்கள் மேல் விழுவது நேர ஒப்பந்தம் முறிவது. பல ஒப்பந்தங்களில் அதற்கான வாசகம் ஏற்கனவே இருக்கும்.

உங்கள் வாரத்தில் குறை இருப்பது தெரிந்தால் பட்டியலைத் திருத்தி அனுப்பும் ஆசை வரும். கூடாது. ஒலிப்பதிவும் அவர்கள் கைக்குப் போகிறது. உண்மையான பட்டியலோடு, எந்த நாளில் ஏன் குறைந்தது, இனி என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கனேடியம் என்று குறித்த ஒவ்வொரு பாடலுக்கும் கலைஞர் கையொப்பமிட்ட படிவத்தை அதே வரிசையில் அடுக்கி இணையுங்கள். நிலையம் குறித்த நாளுக்கு முந்தைய நாளே அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.